ஓடு விழுந்த வீடு: மூன்று பென்-ஹர், மூன்று சனிக்கிழமை

பென்-ஹர் படத்தை நான் முதன்முதல் பார்த்தபோது அதில் தேரோட்டமே இருக்கவில்லை.

ஏழாம் ஆண்டு படித்த காலம். திருகோணமலைப் பாலையூற்றில் பெரியம்மா வீட்டில் ரீவியும் டெக்கும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஜெனரேட்டருக்கு எண்ணெய் பார்ப்பது என் பொறுப்பு. இரண்டு தமிழ்ப் படம் ஓடி முடிந்தபின், பெரியப்பா தனக்கென்று கேட்டு வாங்கிய இங்கிலீசுப் படம் போடப்பட்டது. நீளமான படம், இரண்டு கசெட். முதல் கசெட் முடிந்து இரண்டாவதைச் செருகினால், யாரோ ஒரு மாப்பிள்ளை யாரோ ஒரு பெண்ணுக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தார். கடையில் பெட்டி மாறிவிட்டது. விடியச் சாமம் மூன்று மணிக்கு யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? பெரியப்பா அடுத்த நாள் முழுக்கத் தேரோட்டத்தை வாயாலேயே ஓட்டிக் காட்டினார். அந்தக் காட்சியை எடுக்கும்போது ஒரு ஆள் உண்மையிலேயே செத்துப்போனான் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அதனால் எனக்குப் பென்-ஹர் என்றால் இன்றுவரை தேர் இல்லை. கூரையிலிருந்து கழன்று விழும் ஒரு ஓடுதான்.

வாதம் தொடங்கிய இடம்

பழைய காவியப் படத்தைத் திரும்ப எடுத்தால் அது முதல் படத்துக்கு ஈடாகுமா என்ற கேள்வி, போன கார்த்திகை மழைக்குள் உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் கிளம்பியது. வீடு, இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவருடையது. ஊரில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். உயர்தரம் படிக்கும் என் மருமகன் 2016இல் வந்த பென்-ஹரின் தேரோட்டத்தைப் போனில் காட்டி, "பழசை விட இது நல்லம் மாமா" என்றான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவரிடம் படித்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும்.

"நிரூபி" என்றார்.

அப்படித்தான் மூன்று சனிக்கிழமை முடிவானது. முதல் சனி 1925 படம், இரண்டாவது 1959, மூன்றாவது 2016. பார்க்க வந்தவர்கள் மாஸ்டர், அவர் மனைவி (அவரும் ஆசிரியை, நாங்கள் டீச்சர் என்போம்), பாலையூற்று அக்கா, கிண்ணியாவிலிருந்து கல்யாண வீடியோ எடுக்கும் என் நண்பர், மருமகனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும். அப்புறம், மூதூர்ப் பக்கம் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர். மகள் வீட்டுக்கு வந்து நின்றவரை மாஸ்டர் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். புரொஜெக்டர் நண்பருடையது. சுவர் மாஸ்டருடையது.

வசதிக் குறைவுகளையும் சொல்லிவிட வேண்டும். மழைக்காலம். குரங்குகள் கூரை ஓட்டைக் கிளப்பிவிட்டிருந்ததால் விறாந்தையில் ஒரு இடத்தில் ஒழுக்கு. அங்கே ஒரு வாளி. சத்தமான காட்சிகளில் வாளிச் சத்தம் கேட்காது. அமைதியான காட்சிகளில் அதுவே பின்னணி இசை.

இந்தக் கதையை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே கதை, மூன்று காலத்தில், மூன்று விதமான தொழில்நுட்பத்தில், மூன்று முறையும் பெரும் செலவில் எடுக்கப்பட்டிருக்கிறது. இப்படி ஒப்பிட வசதியான உதாரணம் வேறு சுலபமாகக் கிடைக்காது.

முதலாவது எது?

லூ வாலஸ் என்ற அமெரிக்கத் தளபதி 1880இல் எழுதிய நாவல் இது. யெருசலேமின் யூதப் பிரபு யூதா பென்-ஹர்; அவனுடைய சிறுவயது நண்பன், ரோமன் மெசாலா. நட்பு பகையாகி, யூதா கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமையாகி, திரும்பி வந்து தேர்ப் போட்டியில் பழி தீர்க்கிறான். பக்கத்திலேயே இயேசுவின் வாழ்க்கை ஓடுகிறது.

1899இல் இதை நியூயோர்க்கில் மேடை நாடகமாகப் போட்டார்கள். தேரோட்டத்துக்கு மேடையில் உண்மையான குதிரைகள், காலுக்குக் கீழே பின்னோக்கி உருளும் பட்டியில் ஓடின. 1907இல் கால் மணி நேரப் படம் ஒன்று அனுமதி கேட்காமல் எடுக்கப்பட்டு வழக்கில் முடிந்தது. நாவலைப் படமாக்க உரிமை வாங்கியாக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1911இல் சொன்னது அந்த வழக்கில்தான். பிறகு 1925இல் பிரெட் நிப்லோ இயக்கிய ஊமைப்படம். அதற்கும் பிறகுதான் வில்லியம் வைலர் 1959இல் எடுத்தது.

ஆக, "பழசு" என்று மாஸ்டர் நெஞ்சில் அடித்துச் சொன்ன படமே ஒரு மறு ஆக்கம். இதை நான் சொன்னதும் மருமகன் சிரித்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"அப்ப கேள்விக்கு விடை வந்திட்டுதே சேர். ஒருக்கா நடந்திருக்கு, ஈடாகும்" என்றார் கிண்ணியா நண்பர்.

"ஒருக்கா நடந்தது ஏன் மற்றமுறை நடக்கேல்லை? அதுதான் கேள்வி" என்றார் மாஸ்டர். நான் இதை எழுத உட்கார்ந்ததே அந்த வசனத்தால்தான்.

முதல் சனிக்கிழமை

1925 படத்தை விரைவாகத் தாண்டிவிடலாம். சுமார் 40 லட்சம் டாலர் செலவு. ஊமைப்படங்களில் அவ்வளவு செலவு வேறு எதற்கும் ஆகவில்லை. தேரோட்டத்தை 42 கமராக்களால் எடுத்தார்கள். பையன்கள் முதலில் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். தேர்கள் வந்ததும் நிமிர்ந்தார்கள். ஒரு தேர் கவிழ, பின்னால் வந்தவை அதில் மோதிக் குவிகிற இடத்தில் "இது உண்மையா?" என்று ஒருவன் கேட்டான். உண்மைதான், நடந்த விபத்தை அப்படியே படத்தில் விட்டிருக்கிறார்கள்.

இயேசுவின் முகம் படத்தில் இல்லை. ஒரு கை மட்டும் வருகிறது. அந்த வழக்கம் மேடை நாடகத்திலிருந்து வருவது. நடிகர் ஒருவர் இயேசுவாக வரக்கூடாது என்று வாலஸ் நிபந்தனை போட்டிருந்ததால் நாடகத்தில் ஒளிக்கற்றை ஒன்றையே காட்டினார்கள்.

அந்தத் தேரோட்டம் எடுத்த இடத்தில் உதவி இயக்குநர்கள் பட்டாளத்தில் ஒரு இளைஞன் நின்றான். அவன்தான் வில்லியம் வைலர். முப்பத்துச் சொச்சம் வருஷம் கழித்து அதே கதை அவனிடம் வந்தது.

இரண்டாவது சனிக்கிழமை

212 நிமிடம். மாலை ஐந்தரைக்கே தொடங்கிவிட்டோம். படம் 65 மில்லிமீட்டர் பிலிமில், உயரத்தைப் போல கிட்டத்தட்ட 2.76 மடங்கு அகலத்தில் எடுக்கப்பட்டது. மாஸ்டரின் சுவருக்கு அந்த அகலம் போதவில்லை. ஒரு ஓரத்து ரோமன் வீரர்கள் அலுமாரிக் கதவில் அணிவகுத்தார்கள்.

ஓடு விழும் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

யெருசலேமுக்குப் புதிய ஆளுநர் வருகிறார். யூதாவும் தங்கை திர்சாவும் மொட்டை மாடியில் நின்று ஊர்வலம் பார்க்கிறார்கள். தங்கை எட்டிப் பார்க்கச் சாய்கிறாள். விளிம்பு ஓடு கழன்று விழ, குதிரை மிரண்டு ஆளுநர் கீழே விழுகிறார். வீட்டுக்குள் படை நுழைகிறது. தாய், தங்கை, யூதா எல்லாரையும் பிடிக்கிறார்கள். மெசாலா வந்து நிற்கிறான். நேற்றுவரை கட்டிப்பிடித்து ஈட்டி எறிந்து விளையாடிய நண்பன்.

இதுவரை சாதாரணக் கதை. அடுத்ததுதான் முக்கியம். எல்லாரையும் கொண்டுபோன பிறகு மெசாலா தனியாக மாடிக்குப் போகிறான். அந்த ஓடுகளில் கை வைத்து அழுத்திப் பார்க்கிறான். சும்மா தொட்டதுக்கே கழன்று விழுகின்றன. அவனுக்கு விளங்குகிறது, இது தற்செயல், இந்தக் குடும்பம் குற்றம் செய்யவில்லை. விளங்கிக்கொண்டே இறங்கி வந்து, நண்பனைக் கப்பலுக்கு அனுப்புகிறான். பழைய நண்பனையே தண்டித்தால் ஊர் தனக்குப் பயப்படும் என்பது அவன் கணக்கு.

வசனம் கிடையாது. ஒரு ஆள், ஒரு கூரை, ஒரு ஓடு. அந்த நேரம் மழையும் விட்டிருந்தது. வாளியில் ஒரு சொட்டு விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அண்ணாவியார் முன்னுக்கு வந்து, "இவனுக்குத் தெரியும்" என்றார். யாருக்கும் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். "தெரிஞ்சுகொண்டு செய்யிறான்."

அதற்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரமும் அந்த ஒரு ஓட்டின் மேல்தான் நிற்கிறது. கப்பல் சண்டையைக் குளத்தில் பொம்மைக் கப்பல் விட்டு எடுத்திருக்கிறார்கள், இன்று பார்த்தால் நன்றாகவே தெரிகிறது. மருமகன் அதைச் சொல்லிக்காட்டவும் தவறவில்லை. ஆனால் அவனும் எழுந்து போகவில்லை. இந்த நண்பர்கள் எப்போது முகத்துக்கு முகம் நிற்பார்கள் என்று இருந்துகொண்டிருந்தான். தேரோட்டம் வருவதற்கு இரண்டரை மணி நேரம் போகிறது. அந்தக் காத்திருப்பைப் பார்ப்பவனுக்குள் ஏற்றிவிட்டுத்தான் தேரைக் கொண்டுவருகிறார்கள்.

தேரோட்டம் சுமார் ஒன்பது நிமிடம். ரோமின் சினேசித்தா ஸ்டூடியோவில் 18 ஏக்கரில் கட்டிய மைதானம். அந்த ஒன்பது நிமிடமும் இசையே இல்லை; குளம்பு, சக்கரம், சாட்டை, கூட்டத்தின் கூச்சல் மட்டும். யூதாவுக்கு வெள்ளைக் குதிரை, மெசாலாவுக்குக் கறுப்பு. எந்தத் தேர் எங்கே நிற்கிறது என்று ஒரு கணம்கூடக் குழம்பாது. கவிழ்ந்த தேரைத் தாண்டிப் பாயும்போது யூதா முன்னுக்குத் தூக்கி எறியப்படுகிறான் அல்லவா, அது திட்டமிடாதது. கதாநாயகன் சார்ல்டன் ஹெஸ்டனுக்குப் பதிலாக ஓட்டிய ஜோ கனட் உண்மையிலேயே தூக்கி எறியப்பட்டார். தாடையில் வெட்டுக்காயத்தோடு தப்பினார். ஹெஸ்டன் திரும்பித் தேரில் ஏறுவதைப் பிறகு எடுத்து ஒட்டினார்கள். பெரியப்பா சொன்ன சாவு மட்டும் பொய். அந்தத் தேரோட்டத்தில் ஒருவரும் சாகவில்லை. பெரியப்பா இப்போது இல்லை, இருந்திருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

நண்பர் தொழில்காரர் என்பதால் அவர் கவனித்தது வேறு. இந்தத் தேரோட்டத்தை வைலர் எடுக்கவில்லை என்று நான் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். உண்மை. அந்தப் பகுதியை அன்ட்ரூ மார்ட்டனிடமும், ஜோவின் தகப்பன் யாக்கிமா கனட்டிடமும் கொடுத்துவிட்டு, மனிதர்கள் பேசும், பார்க்கும், பேசாமல் நிற்கும் இடங்களைத் தன் கையில் வைத்துக்கொண்டார். எம்.ஜி.எம். நிறுவனம் கடன் நெருக்கடியில் இருந்த நேரம். சுமார் ஒன்றரைக் கோடி டாலரை இந்தப் படத்தில் போட்டது. அவ்வளவு பணம் நிற்கும் காட்சியை வேறு ஆட்களிடம் விட்டுவிட்டு ஒரு இயக்குநர் ஓட்டைப் பார்க்கப் போயிருக்கிறார்.

இன்னொரு இடம், தண்ணீர். சங்கிலியில் கட்டி இழுத்துவரப்படும் யூதாவுக்கு நாசரேத்தில் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று வீரன் கட்டளையிடுகிறான். யாரோ ஒருவர் குனிந்து கொடுக்கிறார். வீரன் அதட்டிக்கொண்டு வருகிறான். அவர் எழுந்து நிற்கிறார். முதுகு மட்டும்தான் நமக்குத் தெரியும். வீரனின் முகம் தெரியும். அந்த முகம் எதையோ பார்த்து, குழம்பி, திரும்பி, மறுபடி பார்த்து, ஒதுங்கிப் போகிறது. பாலையூற்று அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நண்பர் மெல்ல, "எங்கட பக்கத்தில நபிமார முகம் வச்சுக் காட்டுறதில்ல. ஈசா நபியையும்தான். இப்பிடி எடுத்தா எனக்குப் பார்க்கலாம்" என்றார். சமயம் வேறாகப் பார்த்த இரண்டு பேரும் ஒரே காட்சியில் சேர்ந்த இடம் அது.

மூன்றாவது சனிக்கிழமை

தொடங்குமுன் மருமகன் வேறொரு சோதனை வைத்தான். செங்கடல் பிளக்கும் காட்சி, மூன்று படத்திலிருந்து. செசில் பி. டிமில் பத்துக் கட்டளைகள் கதையை 1923இல் ஒருமுறையும் 1956இல் மறுமுறையும் தானே எடுத்தார். முதலாவதில் கடல் என்பது ஜெலிக் கட்டி. அதை உருகவைத்துப் பிடித்துப் பின்னோக்கி ஓட்டினார்கள். இரண்டாவதில் பெரிய தொட்டிகளிலிருந்து தண்ணீரைக் கொட்டி, அதையும் பின்னோக்கி ஓட்டினார்கள். தன் படத்தையே திரும்ப எடுத்தவர் என்பதால் எங்கே சறுக்கினோம் என்று அவருக்குத் தெரியும்: 1923இல் பாதிப் படத்தை அந்தக் காலத்து அமெரிக்கக் குடும்பக் கதைக்குக் கொடுத்திருந்தார், 1956இல் அதை வெட்டி எறிந்துவிட்டு மோசேயோடு மட்டும் நின்றார். இன்று எல்லாரும் நினைவில் வைத்திருப்பது இரண்டாவதை.

மூன்றாவது, 2014இல் ரிட்லி ஸ்கொட் எடுத்தது. அதில் கடல் பிளக்கவில்லை. மெல்ல வற்றி உள்ளே போகிறது. பிறகு மலைபோல எழுந்து வருகிறது. தொழில்நுட்பத்தில் மூன்றிலும் சிறந்தது அதுதான், சந்தேகமில்லை. கடல் வற்றத் தொடங்கியதும் டீச்சர் எழுந்து தேத்தண்ணி வைக்கப் போனார். அலை ஓய்ந்த பிறகும் கனநேரம் வரவில்லை. 2004 டிசம்பரில் அவர்கள் குடியிருந்தது உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. மருமகன் அதற்கு மேல் அந்தக் காட்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

சரி, பென்-ஹருக்கு வருவோம். திமூர் பெக்மம்பெதொவ் இயக்கம், யூதாவாக ஜாக் ஹஸ்டன், சுமார் 10 கோடி டாலர் செலவு. உலகம் முழுக்க ஓடியும் வசூல் அந்தத் தொகையைத் தொடவில்லை. நீளம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்.

நியாயமாகப் பார்த்தால் இதில் ஒரு பகுதி 1959 படத்தை வென்றுவிடுகிறது: கப்பல் சண்டை. கமரா கப்பலை விட்டு வெளியே போவதே இல்லை. துடுப்பு நீளும் ஓட்டை வழியாக யூதா எதைப் பார்க்கிறானோ அதைத்தான் நாமும் பார்க்கிறோம். எதிரிக் கப்பல் எங்கே இருக்கிறது, யார் வெல்கிறார்கள், ஒன்றும் தெரியாது. அடிமைக்கு எப்படித் தெரியும்? பழைய படம் மேலேயிருந்து பார்த்த சண்டையை இவர்கள் கீழேயிருந்து பார்த்திருக்கிறார்கள். மாஸ்டரே "இது நல்லாயிருக்கு" என்றார். மருமகன் அதைக் குறித்துவைத்துக்கொள்ளச் சொன்னான். குறித்திருக்கிறேன்.

தேரோட்டமும் சும்மா இல்லை. உண்மையான குதிரை, உண்மையான தேர். சின்னக் கமராக்களைத் தேரிலும் மண்ணிலும் வைத்து எடுத்திருக்கிறார்கள். நண்பர் இரண்டு முறை நிறுத்திப் பார்த்தார். ஆனால் முடிந்தபின் விறாந்தை அமைதியாகத்தான் இருந்தது. போன சனிக்கிழமை மெசாலா மிதிபட்டபோது கை தட்டினவர்கள், பிறகு அவன் சாகக் கிடந்தபோது தட்டின கையை மறைத்தவர்கள், இன்று பேசாமல் இருந்தார்கள்.

ஏன் என்று தேடியபோது நான் திரும்பவும் அந்த ஓட்டுக்குத்தான் போனேன்.

2016 படத்தில் ஓடு இல்லை. யூதாவின் வீட்டில் காயப்பட்டு மறைந்திருந்த கிளர்ச்சிக்கார இளைஞன் ஒருவன் மேலேயிருந்து ரோமன் ஆளுநர் பிலாத்து மேல் அம்பு விடுகிறான். எழுதியவர்கள் ஏன் மாற்றினார்கள் என்பது விளங்குகிறது. ஒரு ஓடு விழுந்ததற்கு ஒரு குடும்பத்தையே அழிப்பார்களா? அம்பு என்றால் காரணம் பலமாக இருக்கும். ஆனால் காரணம் பலமானதும் மெசாலாவின் குற்றம் லேசாகிவிட்டது. அவன் செய்தது கடமை போல ஆகிவிட்டது. போதாததற்கு அவனை அந்த வீட்டிலேயே வளர்ந்த தத்துச் சகோதரன் ஆக்கி, அவனுக்கும் ஒரு மனக்குறையைக் கொடுத்துவிட்டார்கள். குற்றம் லேசானால் பகை லேசாகும். பகை லேசானால் தேரோட்டம் வெறும் தேரோட்டம். கடைசியில் இருவரையும் ஒன்றுசேர்த்துவைப்பதும் சுலபமாகப் போய்விட்டது. 1959 மெசாலாவோ சாகும்போதும், உன் தாயும் தங்கையும் தொழுநோயாளர் பள்ளத்தாக்கில் கிடக்கிறார்கள் என்று சொல்லி நஞ்சைக் கக்கிவிட்டுத்தான் போகிறான்.

அத்தோடு, இந்தப் படம் தொடங்குவதே தேரோட்டக் களத்தில். இரண்டு பேரும் தேரில் தயாராக நிற்கிறார்கள், பிறகுதான் கதை பின்னோக்கிப் போகிறது. பார்ப்பவன் எழுந்து போய்விடுவான் என்ற பயம். கடன்காரன் வாசலில் நிற்கும்போதே கையில் காசைக் காட்டுவது போல.

இயேசு இங்கே முகத்தோடு வருகிறார், பேசுகிறார். நடிகர் ரொட்ரிகோ சன்தோரோ மோசமில்லை. அக்காவுக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் அந்த வீரனின் முகம் இந்தப் படத்தில் இல்லை என்று அவரே சொன்னார்.

எங்கள் பக்கத்துக் கணக்கு

இராமாயணத்தைத் திரும்ப எடுப்பதைப் பற்றித் திருகோணமலையில் கதைத்தால் கதை இராமனில் நிற்காது. இங்குள்ள சுவாமிமலைப் பாறையில் இராவணன் வெட்டு என்ற பிளவு இருக்கிறது. தாயின் கிரியைக்கு அவன் வாளால் குத்தித் தண்ணீர் எடுத்ததாகச் சொல்லும் ஏழு கிணறுகள் கன்னியாவில் இருக்கின்றன. செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு இன்றும் அங்கே போகிறவர்கள் உண்டு. 1958இல் வந்த சம்பூர்ண ராமாயணத்தில் டி.கே. பகவதியின் இராவணன் வீணை வாசிக்கிறவன், சங்கீதம் தெரிந்தவன். நிராயுதனாய் நின்றவனை இராமன் "இன்று போய்ப் போர்க்கு நாளை வா" என்று அனுப்பிய கம்பனின் இடத்தில், தலைகுனிந்து போகிறவனோடு நாமும் போவோம். 2023இல் வந்த ஆதிபுருஷில் இராவணனுக்குப் பத்துத் தலையும் கணினி போட்டுக் கொடுத்தது. டீச்சர் அதை இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டாராம். "தலையள் இருந்தது. ஆள் இல்லை."

தெலுங்கில் லவகுசா நல்ல எதிர்ச்சாட்சி. சி. புல்லையா 1934இல் எடுத்தார். பிறகு அவரே தொடங்கி, மகன் சி.எஸ். ராவ் முடித்து, 1963இல் வண்ணத்தில் வந்தது, தமிழிலும் வந்தது. மறு ஆக்கம்தான், ஆனால் டிமில் போல, வைலர் போல, முதலாவதுக்குள் நின்ற ஆள் திரும்பி வந்து செய்தது. அதே கதையை 2011இல் பாப்பு ஸ்ரீ ராம ராஜ்யமாக எடுத்தபோது இராமன், பழைய இராமன் என்.டி. ராமராவின் மகன் பாலகிருஷ்ணா. அங்கே ஒப்பீடு படத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

கர்ணனுக்கு வேறு வழி பார்த்தார்கள். 1964 படத்தைத் திரும்ப எடுக்காமல், பழைய பிலிமையே டிஜிட்டலில் துப்புரவாக்கி 2012இல் தியேட்டருக்கு விட்டார்கள், கூட்டமும் சேர்ந்தது. 2021இல் அதே பெயரில் வந்த படம் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு முழுக்க வேறு கதை சொன்னது. பார்த்தபோது எனக்குச் சிவாஜி நினைவுக்கே வரவில்லை. அது கெட்டித்தனம்.

அண்ணாவியாரிடம் கேட்டது

கடைசிச் சனிக்கிழமை தேத்தண்ணி குடிக்கும்போது அண்ணாவியாரிடம் கேட்டேன். அவர் கர்ணன் போர் கூத்தை எத்தனையோ முறை பழக்கியவர். ஒவ்வொரு முறையும் அதே கதை, அதே பாட்டு, அதே தாளக்கட்டு. கூத்துக்காரர்களுக்கு இந்த ஈடாகுமா பிரச்சினையே இல்லையா?

"ஏன் இல்லை? சட்டம் குடுக்கிற, ஆருக்கு எந்த வேசமெண்டு பிரிக்கிற அண்டைக்கே தொடங்கிரும். இவன் கர்ணனுக்கு ஆடுவானோ, இவன்ட தகப்பன் ஆடின ஆட்டமென்ன எண்டு. அடுக்குப் பார்க்கேக்க, ஒத்திகையில, கிழவனுகள் வந்து குந்திக்கொண்டு தலையை ஆட்டுவானுகள். அரங்கேற்றம் முடிஞ்சாலும் சொல்லுவானுகள், அவனப் போல வராது எண்டு."

"அப்ப?"

"அப்ப என்ன. அவன்ட ஆட்டத்த ஆர் திரும்பப் பார்க்கிறது? விடிஞ்சா களரியில மண் மட்டும்தான்."

மாஸ்டர் உடனே பிடித்துக்கொண்டார். "அதுதான் வித்தியாசம். படத்தில பழசு சாகிறதில்லை."

நானும் அதைத்தான் முடிவாக எடுக்கிறேன். 1959இல் தியேட்டருக்குப் போனவர்களில் பெரும்பாலானோருக்கு 1925 படம் ஒரு மங்கிய நினைவு, இளசுகளுக்கு அதுவும் இல்லை. வைலர் போட்டியிட்டது நினைவோடு. அதற்கு மேல் அவரிடம் சத்தம் இருந்தது, முழு வண்ணம் இருந்தது, முந்தியவரிடம் இல்லாதவை. 2016காரர் போட்டியிட்டதோ வீட்டுக்கு வீடு டிவிடியிலும் போனிலும் பளிச்சென்று கிடக்கிற ஒரு படத்தோடு. அவரிடம் புதிதாக இருந்தது கமராவை எங்கும் வைக்கலாம் என்ற ஒன்றுதான். அதைத் தன் கண்ணால் பாவித்த கப்பலில் வென்றார். ஊர் எதிர்பார்த்ததைத் திருப்பிக் கொடுக்கப் போன மைதானத்தில் சமனாக நின்றார். ஓட்டை அம்பாக மாற்றிய இடத்தில் தோற்றார். 11 ஒஸ்கார் வாங்கிய படத்தோடு மோதித் தோற்றார் என்று சொல்வதை விட, எழுத்து மேசையில் ஒரு பக்கத்தில் தோற்றார் என்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. காட்சிப் பிரமாண்டம் இந்தக் காலத்தில் ஈடுசெய்ய முடியாத பொருள் இல்லை. அதைக் காசு வாங்கித் தரும்.

மாஸ்டர் கோயிலை இழுத்தார். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கல்லைக் கோட்டைக்கு எடுத்தார்கள். இப்போதிருப்பது பிறகு கட்டியது, 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. யாராவது போய் நின்று பழையதுக்கு ஈடா என்று கேட்கிறார்களா என்றார். டீச்சர் சொன்னார், பழைய கோயில் பக்கத்திலேயே நின்றிருந்தால் கேட்டிருப்பார்கள் என்று.

மருமகன் விட்டுக்கொடுக்கவில்லை. தான் பத்து வயதில் முதலில் பார்த்தது 2016 படம்தான், தனக்கு அதுதான் முதலாவது என்றான். அதற்கு ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. முதல் கசெட்டை மட்டும் பார்த்தவன் நான் என்ன சொல்வது.

புரொஜெக்டரைச் சுற்றி வைக்கும்போது அண்ணாவியார், "தம்பி, அந்தக் கூரைக் கட்டம் ஒருக்கா போடு" என்றார். போட்டேன். மெசாலா மாடியில் நிற்கிறான், கை வைக்கிறான், ஓடு சரிகிறது. அவ்வளவுதான், நிறுத்தச் சொன்னார்.

வெளிக்கிடும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. முற்றத்தில் செருப்புத் தேடியவர்களைப் பார்த்து மாஸ்டர் உள்ளேயிருந்து கத்தினார்: "அந்த மூலைப் பக்கம் நிக்காதேங்கோ, குரங்கு ஓட்டைக் கிளப்பி வச்சிருக்கு."